நினைவற்ற பொறியும் நினைவுடைய வாசகரும்: சோவியத் செய்நிரற் கணிப்பான் பி3-34 பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். எந்த ஆண்டில், எந்த நாட்டில், எவரது முயற்சியால் ஒரு பொறி தோன்றியது என்ற வினாக்களுக்கு விடை கண்டதும் ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கொள்ளப்படுகிறது. அப்பொறி மக்களின் கைகளை அடைந்த பின்னர் அதற்கு யாது நேர்ந்தது, அதனை அவர்கள் எவ்வாறு பயின்றனர், ஆக்கியோர் எண்ணியிராத எப்பயன்களை அதிலிருந்து பெற்றனர் என்பன அடிக்குறிப்புகளாக ஒதுங்கிவிடுகின்றன. இக்கட்டுரை 1980ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் விற்பனைக்கு வந்த ‘எலெக்த்ரோனிக்கா பி3-34’ என்னும் கையடக்கக் கணிப்பானை எடுத்துக்கொண்டு, ஒரு கருவியின் ஆற்றல் எங்கே உறைகின்றது என்ற வினாவை ஆராய முயல்கின்றது. அவ்வாற்றல் கருவியினுள்ளே முடிந்த முடிபாக அமைந்ததா, அன்றி அதனைக் கையாளும் சமூகத்தின் உழைப்பினால் உருவாவதா என்பதே நமது பிரச்சினை.

1. பின்னணி

1614ஆம் ஆண்டில் நேப்பியர் மடக்கைகளை வெளியிட்டதிலிருந்து மூன்றரை நூற்றாண்டுக் காலம், மடக்கை அட்டவணையும் அதன் அடிப்படையில் அமைந்த சிலைட் றூல் என்னும் நழுவுகோலும் பொறியியலாளரின் கைக்கருவிகளாக விளங்கின. இந்நீண்ட மரபு மிகக் குறுகிய காலத்திலேயே முடிவுற்றது. 1972இல் அமெரிக்காவின் ஹியூலெற்-பக்கார்ட் நிறுவனம் எச்.பி.-35 என்னும் கணிப்பானை 395 டொலர் விலையில் வெளியிட்டது. திரிகோண கணிதச் சார்புகளையும் மடக்கைகளையும் சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு கருவி கணித்துத் தந்தமை அதுவே முதன்முறை. ஆயின் அதனிடம் ஒரு குறை இருந்தது. நூறு முறை செய்யவேண்டிய ஒரு கணிப்புக்கு நூறு முறையும் அதே விசைகளை அதே ஒழுங்கில் மனிதனே அழுத்த வேண்டியிருந்தது.

1974இல் வந்த எச்.பி.-65 இக்குறையைத் தீர்த்தது. விசைகளின் ஒழுங்கையே நூறு படிகள் வரை தன்னுள் ஏற்று, வேண்டும்போது தானாகவே நிறைவேற்றும் ஆற்றல் அதற்கு இருந்தது. இவ்வாறு ஏற்கப்படும் கட்டளைத் தொடரே செய்நிரல் எனப்படுகின்றது. எழுதிய செய்நிரலைச் சிறியதொரு காந்த அட்டையிற் பதிந்து வைத்து, மீண்டும் வேண்டும்போது கருவியினூடாகச் செலுத்தி வாசிக்கச் செய்யவும் முடிந்தது. அதன் விலை 795 டொலர். அப்பெறுமதியைக் கொடுக்கக்கூடிய பொறியியலாளரும் நிறுவனங்களுமே அதன் முதல் வாடிக்கையாளர்.

சோவியத் ஒன்றியத்தில் நிலைமை வேறு. அங்கு கணனிகள் ஆய்வு நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் அமைச்சுகளுக்கும் உரியனவாக இருந்தன. தனி மனிதர் ஒருவர் கணனியைச் சொந்தமாகக் கொண்டிருப்பது 1980இல் ஏறத்தாழ நினைக்கவியலாத ஒன்று. பின்னர் கடைகளுக்கு வந்த பி.கே.-0010 என்னும் வீட்டுக் கணனியும் 600 ரூபிளுக்கு மேல் விலையுடையதாகவே இருந்தது. இத்தகைய சூழலில் 85 ரூபிள் விலையில் பி3-34 வெளிவந்தது. அக்காலத்துச் சராசரி மாத ஊதியம் 170 ரூபிள் அளவினதாக இருந்தமையை நோக்கின், அரை மாத உழைப்பைக் கொடுத்து ஓர் ஆசிரியரோ மாணவரின் பெற்றோரோ அதனை வாங்க முடிந்தது என்பது தெளிவாகும். கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஓர் இலத்திரனியற் பொறி தனி மனிதனின் மேசைக்கு வந்து சேர்ந்தது இவ்வழியாகவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. பொறியின் அமைப்பு

பி3-34 தொண்ணூற்றெட்டுப் படிகள் கொண்ட செய்நிரலை ஏற்கவல்லது. எண்களைச் சேமித்து வைப்பதற்குப் பதினான்கு பதிவகங்கள் அதில் உள்ளன. பச்சை ஒளியுடைய காட்சிப் பட்டியில் எட்டு இலக்கங்களும் பத்தின் இரண்டிலக்கச் சுட்டியும் தோன்றும். சைன், கோசைன், தாஞ்சன், அவற்றின் நேர்மாறுகள், மடக்கைகள், வர்க்கமூலம் முதலியன விசைகளாகவே தரப்பட்டிருந்தன. நிபந்தனைக்கேற்பக் கிளைபிரிதல், குறித்த தடவைகள் மீளச்செய்தல், துணைச் செய்நிரலுக்குச் சென்று திரும்புதல் ஆகிய மூன்றும் அதனால் இயன்றன. இவை மூன்றும் அமைந்த ஒரு பொறியைச் சிறியதேனும் கணனி எனக் கருதுவதிற் பிழையில்லை.

எண்களை உள்ளிடும் முறை சிறப்பாக நோக்கற்பாலது. சாதாரணக் கணிப்பானில் ‘2 + 3 =’ என அழுத்துகின்றோம். இங்கோ முதலில் 2, அடுத்து 3, இறுதியிற் கூட்டற்குறி என்பதே ஒழுங்கு. போலந்து நாட்டுத் தருக்கவியலாளர் லூக்கசியேவிச் 1920களில் வகுத்த குறியீட்டு முறையைத் தலைகீழாக்கிப் பெற்ற இம்முறையை எச்.பி.-35 பரவலாக்கியிருந்தது. உள்ளிடப்படும் எண்கள் ஒன்றன்மேலொன்றாக நான்கு நிலையுடைய ஓர் அடுக்கில் ஏறிநிற்கும். செயற்குறி வந்ததும் கீழிருக்கும் இரண்டும் ஒன்றாகும். அடைப்புக்குறிகளுக்குத் தேவையே எழுவதில்லை. முதலிற் பழகுவோர் இதனை இயல்புக்கு மாறானது என்று கருதுவதுண்டு. தமிழ் பேசுவோருக்கு அவ்வாறு தோன்ற நியாயமில்லை. ‘இரண்டையும் மூன்றையும் கூட்டு’ என்று பொருள்களை முதலிலும் வினையை இறுதியிலும் வைத்துப் பேசும் நமது வாக்கிய அமைப்பே அப்பொறியின் வாக்கிய அமைப்புமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 1 முதல் குறித்த ஓர் எண் வரையுள்ள முழுவெண்கள் அனைத்தையும் பெருக்கிப் பெறும் தொடர்பெருக்கத்தைக் காணவேண்டுமெனக் கொள்வோம். கொடுக்கப்பட்ட எண்ணைப் பூச்சியப் பதிவகத்தில் இடுக, 1ஐ எழுதுக, பூச்சியப் பதிவகத்தின் எண்ணை அழைத்துப் பெருக்குக, அப்பதிவகத்தை ஒன்றாற் குறைத்து, அது முடிவுறாதிருப்பின் அழைக்கும் இடத்திற்கே மீள்க, முடிவுற்றால் நிற்க. இத்தனையும் ஏழு படிகளுள் அடங்கிவிடும். 69ஐக் கொடுத்துப் பொறுமையுடன் காத்திருந்தால் 1.711224 பெருக்கல் பத்தின் தொண்ணூற்றெட்டாம் வலு என்னும் விடை கிடைக்கும். 70ஐக் கொடுத்தாலோ விடை பத்தின் நூறாம் வலுவைக் கடந்துவிடுகின்றது. சுட்டிக்கு இரண்டு இலக்கங்களே இடமாதலின் பொறி தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பிழைச் சொல்லைக் காட்டும். அச்சொல்லின் கதையைப் பின்னர் காண்போம்.

பொறியின் குறைகளையும் மறைத்தல் தகாது. ஒரு வினாடியிற் சில எளிய கட்டளைகளையே அதனால் நிறைவேற்ற முடிந்தது. ஓர் எண்ணின் வலுவை மடக்கை வழியாகவே அது கணித்தமையால் முழுவெண்களின் வலுக்கள்கூடச் சிலவேளை முழுமையாக வருவதில்லை. கடைசி இலக்கங்களை நம்பியிருத்தல் ஆபத்து. எல்லாவற்றினும் பெரிய குறை அதன் நினைவகத்தைச் சார்ந்தது. எண்களும் கட்டளைகளும் ஒரு வட்டத்திற் சுழல்வன போலத் தொடர்ந்து நகர்ந்துகொண்டிருக்கும் வகையில் அந்நினைவகம் அமைந்திருந்தது. மின்சாரம் உள்ளவரைதான் அச்சுழற்சி. பொறியை நிறுத்தியதும் எழுதிய செய்நிரல் முழுவதும் அழிந்துபோகும். எச்.பி.-65இன் காந்த அட்டை போன்ற எதுவும் பி3-34க்கு இருக்கவில்லை.

3. அச்சே நினைவகமாதல்

இக்குறையே ஒரு புதிய சமூக ஏற்பாட்டுக்கு வழிகோலியது. பொறி மறந்ததை மனிதர் நினைவிற் கொள்ளவேண்டியிருந்தது. செய்நிரல்கள் குறிப்பேடுகளில் எழுதப்பட்டன; கையிலிருந்து கைக்கு மாறின; பின்னர் அச்சேறின. 1983இல் ‘நவூக்கா இ ஜீஸ்ன்’ (விஞ்ஞானமும் வாழ்வும்) என்னும் வெகுசன விஞ்ஞானச் சஞ்சிகை, கணிப்பானுடன் கூடிய மனிதன் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நிரந்தரப் பகுதியைத் தொடங்கியது. இலட்சக்கணக்கிற் பதிப்பிக்கப்பட்ட அச்சஞ்சிகையின் பக்கங்களில் வெளியான செய்நிரல்களை வாசகர் ஒவ்வொரு விசையாக அழுத்தித் தமது பொறியுள் ஏற்றினர். 1984இல் ஸ்வெத்கோவ், எப்பனேச்னிக்கோவ் ஆகிய இருவரும் பி3-34க்கும் அதனையொத்த கணிப்பான்களுக்குமான பயன்முறைச் செய்நிரல்களைத் தொகுத்து நூலாக்கினர். அமெரிக்கப் பயனாளர் காந்த அட்டையிற் சேமித்ததைச் சோவியத் பயனாளர் அச்சிற் சேமித்தனர் எனலாம்.

இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஊடகத்தின் வேறுபாடு மாத்திரமன்று. அட்டையைச் செலுத்துபவன் அதில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதை அறியவேண்டியதில்லை. அச்சிலுள்ள தொண்ணூற்றெட்டுப் படிகளையும் தன் விரலால் உள்ளிடுபவன், விரும்பினும் விரும்பாவிடினும் அவற்றை வாசிக்கின்றான். ஒரு படி தவறினால் விடை தவறும். தவற்றைக் கண்டுபிடிக்கப் புகும்போது செய்நிரலின் உள்ளியல்பு புலனாகும். சிலர் அதனைச் சுருக்கினர். இரண்டு படிகளை மீதப்படுத்திய மகிழ்ச்சியுடன் சஞ்சிகைக்கு எழுதினர். தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த இவ்வுழைப்பு வாசகனை ஆசிரியனாக்கிற்று.

1985இல் ‘தேஹ்னிக்கா மலத்யோஜி’ (இளைஞருக்குத் தொழில்நுட்பம்) என்னும் சஞ்சிகை இதனை மேலும் ஒரு படி முன்னெடுத்தது. அதன் விஞ்ஞானப் புனைகதைப் பகுதியுடன் தொடர்புடைய மிகாயில் பூஹொவ், சந்திரனிலிருந்து பூமிக்குத் திரும்பும் ‘கொன்-திக்கி’ என்னும் சிறு கலத்தின் கதையைத் தொடராக எழுதினார். கதையோடு செய்நிரல்களும் வெளிவந்தன. எரிபொருள் எவ்வளவு, எத்தனை வினாடிகளுக்கு எரிப்பது என்பதை வாசகரே தீர்மானித்துத் தமது கணிப்பானுக்குக் கொடுத்தனர். கலத்தின் புதிய உயரத்தையும் வேகத்தையும் பொறி கூறிற்று. திரையோ படமோ இல்லாத இவ்விளையாட்டில், இயக்கவியற் சமன்பாடுகளே களமாக அமைந்தன. இலக்கியமும் பௌதிகமும் செய்நிரலாக்கமும் ஒரு வெகுசனச் சஞ்சிகையின் பக்கங்களில் இணைந்த இந்நிகழ்வு பண்பாட்டு வரலாற்று நோக்கிலும் ஆராயத்தக்கது.

4. பிழையிலிருந்து ஓர் இயல்

பொறி காட்டும் பிழைச் சொல்லை மேலே குறிப்பிட்டோம். பிழை என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையே காட்ட அது முயன்றது. ஆயின் கோட்டுத் துண்டுகளால் எழுத்தமைக்கும் அக்காட்சிப் பட்டியில், அச்சொல்லின் ரகரம் ‘க’ ஒலிக்குரிய ரஷ்ய எழுத்தின் வடிவத்தைப் பெற்றது. எனவே ரஷ்ய வாசகர் அதனை ‘யெக்கோக்’ என்று வாசித்தனர். பொருளற்ற அச்சொல்லே பின்னர் ஓர் ஆய்வுத் துறைக்கு வேடிக்கைப் பெயராயிற்று. அதனைத் தமிழில் ‘யெக்கோகியல்’ எனலாம்.

பிழை தோன்றினால் கணிப்பு முடிந்தது என்பதே கையேட்டின் நிலைப்பாடு. ஆர்வலர் அங்கேதான் தொடங்கினர். பத்தின் நூறாம் வலுவைக் கடந்த எண் பட்டியிற் பிழையாகத் தோன்றினும் பொறியினுள் அது எப்போதும் அழிந்துவிடுவதில்லை என்பதையும், அதனைத் தொடர்ந்து கணிப்புகளில் ஈடுபடுத்த முடியும் என்பதையும் அவர்கள் கண்டனர். பத்து இலக்கங்களுக்கு அப்பாற்பட்ட, பொறியின் உள்மொழிக்கே உரிய பதினாறடிமான இலக்கங்களைக் காட்சிப் பட்டிக்குக் கொணரும் வழிகளும் வெளிப்பட்டன. கோடு, வெற்றிடம், சில எழுத்துகள் என அவை தோன்றின. அவற்றைக் கொண்டு சொற்களைப் போன்ற உருக்களையும் அமைத்தனர். தொண்ணூற்றெட்டாம் படிக்கு அப்பாலுள்ள முகவரிகளை அழைத்தால் பொறி பிழை காட்டாது செய்நிரலின் முந்திய பகுதிகளுக்கே திரும்புகின்றது என்பதும் அறியப்பட்டது. இவை ஒவ்வொன்றும் செய்நிரலிற் சில படிகளை மீதப்படுத்தப் பயன்பட்டன. தொண்ணூற்றெட்டே படிகளுள்ள உலகில் ஒரு படி என்பது சிறிய செல்வமன்று.

இஃது ஒரு நாட்டிற்கு மட்டும் உரிய நிகழ்வன்று. 1974இல் கலிபோர்னியாவில் றிச்சர்ட் நெல்சன் தொடங்கிய எச்.பி.-65 பயனாளர் கழகம் தனது செய்தி மடலில் உறுப்பினரின் செய்நிரல்களைப் பரப்பியது. 1979இல் எச்.பி.-41சி என்னும் கணிப்பான் வந்தபின், நிறுவனத்தின் கையேடு குறிப்பிடாத கட்டளைகளை உருவாக்கும் உத்திகளை அவ்வட்டத்தினர் கண்டுபிடித்தனர். வில்லியம் விக்ஸ் 1980இல் அவற்றை முறைப்படுத்தி நூலாக எழுதினார். 1981இல் கழக உறுப்பினர் எழுதிய செய்நிரல்களைத் தாங்கிய நினைவகத் தொகுதியொன்றும் உருவாக்கப்பட்டது. இருவேறு பொருளாதார அமைப்புகளில், ஒருவரையொருவர் அறியாத மனிதர் ஒரே வகையான செயலில் ஈடுபட்டிருந்தனர். சந்தைக்கென ஆக்கப்பட்ட பொருளாயினும் திட்டமிட்டு ஆக்கப்பட்ட பொருளாயினும், அதன் பயன்மதிப்பின் ஒரு பகுதி ஊதியமின்றி உழைத்த பயனாளரால் ஆக்கப்பட்டது என்ற உண்மை இரு புறத்துக்கும் பொதுவானது.

5. மெதுவாகச் சிந்தித்தல்

இக்கணிப்பான்கள் மெதுவானவை என்றோம். அம்மெதுவே சில வேளைகளிற் சிந்தனைக்குத் துணையாயிற்று. 1975இல் லொஸ் அலாமொஸ் ஆய்வுகூடத்தில் மிற்செல் ஃபைகன்பாம் என்னும் பௌதிகவியலாளர், ஓர் எளிய இருபடிச் சமன்பாடு படிப்படியாக ஒழுங்கின்மையை நோக்கிச் செல்லும் விதத்தை எச்.பி.-65ஐக் கொண்டு ஆராய்ந்தார். ஒவ்வொரு விடைக்கும் காத்திருக்க நேர்ந்தமையால் அடுத்த விடை எதுவாக இருக்கும் என்று ஊகிக்கத் தலைப்பட்டார். அவ்வூகமே அவ்விடைகளின் இடைவெளிகள் ஒரே விகிதத்திற் சுருங்குவதைக் காட்டிற்று. 4.669 என்னும் அவ்வெண், முற்றிலும் வேறான ஒரு சமன்பாட்டிலும் அவருக்கு மீண்டும் கிடைத்தது. தொடக்கத்தில் ஆய்விதழ்களால் ஏற்கப்படாத இக்கண்டுபிடிப்பு 1978இல் வெளியாகி, இன்று அவர் பெயராலேயே மாறிலியாக வழங்குகின்றது. விரைந்து இயங்கும் பெருங்கணனியொன்று விடைகளை மொத்தமாக அச்சிட்டுத் தந்திருப்பின் அவ்வூகத்துக்கு இடமிருந்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

கணிப்பான்கள் விண்வெளிக்கும் சென்றன. 1975இன் அப்பலோ-சோயுஸ் கூட்டுப் பயணத்தில் அமெரிக்க வீரர் எச்.பி.-65ஐத் துணைக் கருவியாகக் கொண்டு சென்றனர். 1988இல் சோயுஸ் டி.எம்.-7 கலத்தில், பி3-34இன் வழிவந்த எம்.கே.-52 கணிப்பான் அதே பணிக்காக எடுத்துச் செல்லப்பட்டது. மின்சாரம் நின்றாலும் மறவாத நினைவகம் அதற்கு வாய்த்திருந்தது. எனினும் சமூக வரலாற்றாசிரியனுக்கு இப்பயணங்களிலும் முக்கியமானது பள்ளிக்கூடமே.

6. இரண்டாம் எழுத்தறிவு

சோவியத் கணனியியலறிஞர் அந்திரேய் யெர்ஷோவ் 1981இல் லோசான் நகரில் நடைபெற்ற கல்வி மாநாடொன்றில், செய்நிரலாக்கம் இரண்டாம் எழுத்தறிவு என்ற கருத்தை முன்வைத்தார். எழுதவும் வாசிக்கவும் அறிதல் ஒரு காலத்திற் சிலரது தனியுரிமையாக இருந்து பின்னர் பொதுவுரிமையானதைப் போலவே, பொறிகளுக்குக் கட்டளை வகுக்கும் அறிவும் பொதுவுரிமையாதல் வேண்டும் என்பது அதன் உட்பொருள். 1985 செப்ரெம்பரிற் சோவியத் பாடசாலைகளில் தகவலியல் ஒரு பாடமாயிற்று. ஆனால் பாடம் வந்த அளவுக்குக் கணனிகள் வரவில்லை. பெரும்பாலான மாணவர் கரும்பலகையிலும் கொப்பியிலுமே அதனைப் பயின்றனர். பல இடங்களில் மாணவர் கையாளக் கிடைத்த ஒரே பொறி பி3-34 வகையைச் சேர்ந்த கணிப்பானாகவே இருந்தது.

இதனை வெற்றியெனக் கொண்டாடுவதும் தோல்வியென எள்ளுவதும் ஒருசேர எளிது. இரண்டும் போதா. கணனிகளைப் போதிய அளவில் மக்களுக்கு வழங்க இயலாத ஓர் உற்பத்தி அமைப்பின் பற்றாக்குறையை ஆர்வலரின் திறமை ஓரளவு ஈடுசெய்தது என்பது உண்மை. அத்திறமையைப் புகழும்போது பற்றாக்குறையை மறந்துவிடலாகாது. யெக்கோகியலாளர் கண்டறிந்தவை சஞ்சிகைக்கும் வாசகருக்கும் இடையே புழங்கின. பொறியின் கையேட்டில் அவற்றுக்கு இடம் இருக்கவில்லை. அதே வேளையில், தொண்ணூற்றெட்டுப் படிகளைத் தானே எழுதிப் பார்த்த ஒரு மாணவன், பொறி என்பது மாயமன்று, மனிதன் வகுத்த ஒழுங்கின்படி இயங்குவதே என்னும் தெளிவைப் பெற்றான். அத்தெளிவு பற்றாக்குறையால் விளைந்ததாயினும் பெறுமதி வாய்ந்தது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் தொலைபேசி, பி3-34ஐ எவ்வகையிலும் ஒப்புநோக்க இயலாத அளவுக்கு ஆற்றல் மிக்கது. நினைவகத்துக்கும் குறைவில்லை. எனினும் அதனைக் கையாள்வோரில் மிகப் பெரும்பாலானோர் அதற்கெனச் செய்நிரல் ஒன்றையேனும் எழுதியதில்லை; எழுதலாம் என்று அப்பொறியும் அவர்களை அழைப்பதில்லை. பிறர் எழுதியவற்றைத் தெரிந்தெடுக்கும் உரிமையே பயனாளருக்கு எஞ்சியுள்ளது. யெர்ஷோவ் கூறிய எழுத்தறிவின் மொழியிற் சொல்வதாயின், பெரும்பாலானோர் வாசிப்பவராக்கப்பட்டனர், எழுதுபவராகவில்லை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். பி3-34இன் ஆற்றல் அதன் பதிவகங்களின் எண்ணிக்கையிலோ படிகளின் தொகையிலோ மட்டும் அடங்கியதன்று. அதனை வாங்கக்கூடிய விலை, அதற்கெனப் பக்கம் ஒதுக்கிய சஞ்சிகை, எழுதி அனுப்பிய வாசகர், கையேட்டின் எல்லையை ஏற்க மறுத்த ஆர்வலர், வேறு பொறியில்லாமல் அதனைக் கையிலெடுத்த ஆசிரியர் ஆகிய அனைவரும் சேர்ந்தே அதனை ஆற்றலுள்ளதாக்கினர். எனவே ஒரு தொழில்நுட்பத்தை மதிப்பிடப் புகுவோர் அது என்ன செய்ய வல்லது என்று வினவுவதோடு அமையாது, அதனைக் கொண்டு செய்ய வல்லோர் எத்தனை பேர், அவர்களை அவ்வாறு ஆக்கிய ஏற்பாடுகள் யாவை என்றும் வினவுதல் வேண்டும். பின்னைய வினாக்களுக்கு விடை காணாத பொறிவரலாறு முழுமை பெறாது.